இன்று ரொக்கம், நாளை கடன்

கையில் காசு, பர்ஸில் கார்டு, சட்டைப் பையில் போன். மும்பைத் தமிழர்களின் அன்றாடச் செலவு எதில் கழிகிறது, அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள்?

மும்பையின் பழைய மளிகைக் கடைகளில் கல்லாவுக்கு மேலே ஒரு போர்டு தொங்கும். 'ஆஜ் நகத், கல் உதார்.' இன்று ரொக்கம், நாளை கடன். நாளை வந்து கேட்டாலும் போர்டு அதையேதான் சொல்லும். தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளுக்கும் இந்த வாசகம் புதிதல்ல. வேடிக்கை என்னவென்றால், போர்டை மாட்டிய கடைக்காரரே கல்லாவுக்கு அடியில் ஒரு நீள நோட்டையும் வைத்திருப்பார். ஆள் தெரிந்தவர், சனிக்கிழமை கூலி வாங்குகிறவர் என்றால் பெயர் எழுதப்படும், அரிசி கிடைக்கும். வட்டி கிடையாது. தவணை தவறினால் கேள்வி மட்டும் உண்டு, அதுவும் நாலு பேர் முன்னிலையில்.

இப்போது போர்டுக்குப் பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நிறைந்த ஒரு சதுர அட்டையும் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன்மேல் போனைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. ஒரு சிறிய பெட்டி இந்தியிலோ மராத்தியிலோ தமிழிலோ தொகையை உரக்கச் சொல்கிறது. விடியற்காலையில் தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி நகரமெங்கும் கிளம்பும் இட்லிக்காரர்களும் சட்னித் தூக்குக்குப் பக்கத்தில் அந்த அட்டையைத் தொங்கவிட்டுக்கொள்ளும் காலம் இது.

ரொக்கமா, டெபிட் கார்டா, கிரெடிட் கார்டா என்ற கேள்வி முதல் பார்வைக்கு வசதி பற்றிய கேள்வியாகத் தெரியும். செலவழிவது தன் பணமா அடுத்தவர் பணமா, அந்தக் கணக்கை எழுதுகிறவர் யார் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். வாரக் கூலிக்காரருக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் பென்ஷன்காரருக்கும் இதற்கு ஒரே பதில் கிடையாது. ஒருவருக்கு லாபமாக இருக்கும் அதே பிளாஸ்டிக் அட்டை இன்னொருவர் வீட்டில் கந்துவட்டிக்காரர் வேலையைச் செய்கிறது.

இந்தக் கதையின் பெரும்பகுதி மும்பையிலேயே நடந்தது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா 1980-ல் 'சென்ட்ரல் கார்டு' கொண்டுவந்தது. நாட்டின் முதல் ஏ.டி.எம்.மை ஹாங்காங் வங்கி 1987-ல் இதே நகரத்தில் நிறுவியது. போனில் பணம் அனுப்பும் யு.பி.ஐ. ஏற்பாட்டை 2016 ஏப்ரல் 11 அன்று மும்பையில் தொடங்கிவைத்தவர் அப்போதைய ரிசர்வ் வங்கி கவர்னர் ரகுராம் ராஜன். அதை நடத்தும் தேசியப் பணப் பட்டுவாடாக் கழகத்தின் அலுவலகம் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் இருக்கிறது. தாராவியிலிருந்து பார்த்தால் மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் கரை. 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் நாடு முழுவதும் யு.பி.ஐ. வழியாக நடந்த பரிமாற்றங்கள் 2,000 கோடியைத் தாண்டின.

ஆனால் ஆற்றின் இந்தக் கரையில் ரொக்கம் இன்னும் செத்துவிடவில்லை. தோல் பட்டறை, தையல் பட்டறை, பிளாஸ்டிக் பிரிக்கும் 13-ம் காம்பவுண்டு என்று எங்கெல்லாம் கூலி வாரக் கணக்கில் கையில் கொடுக்கப்படுகிறதோ, அங்கெல்லாம் செலவும் கையிலிருந்துதான் போகும். வருவது நோட்டாக வந்தால் அதை வங்கியில் போட்டு, பிறகு போனில் எடுத்துச் செலவழிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

ரொக்கம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தாராவி ஒருமுறை பார்த்துவிட்டது. 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் அவை 86 சதவீதம். கூலி கொடுக்க நோட்டு இல்லாமல் பட்டறைகள் முடங்கின, உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் ஊருக்கு ரயிலேறினார்கள். வரிசையில் நின்று வாங்கிய புது 2,000 ரூபாய் நோட்டை மாற்றக் கடையில் 'சுட்டா' இல்லை. மும்பைத் தமிழில் சில்லறைக்கு அதுதான் பெயர். செல்லாதாக்கப்பட்ட ரூ. 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி வங்கிகளுக்குத் திரும்பிவிட்டதாக ரிசர்வ் வங்கியே 2018-ல் கணக்குச் சொன்னது. அந்த 2,000 ரூபாய் நோட்டையும் 2023 மே மாதத்தில் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார்கள். இத்தனைக்கும் பிறகு, 2016-ல் சுமார் 18 லட்சம் கோடியாக இருந்த ரொக்கம் 2025 மார்ச்சில் 36 லட்சம் கோடிக்கும் மேலே போய்விட்டது. போனில் பணம் பறப்பதும் பெட்டியில் நோட்டு சேர்வதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன.

அந்த நவம்பரில் வெளியே வந்த இன்னொரு பணம் சிறுவாடு. மாவு அரைத்தும் முறுக்குச் சுற்றியும் ஊறுகாய் போட்டும் சம்பாதித்ததை, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்ததை, அரிசிப் பானையிலும் சேலை மடிப்பிலும் ஒளித்துவைத்த பெண்கள் அதை எடுத்துக் கணவர் கையில் கொடுத்து மாற்றிவரச் சொல்ல வேண்டியதாயிற்று. இல்லத்தரசிகள் ரூ. 2.5 லட்சம் வரை டெபாசிட் செய்தால் வருமான வரித் துறை கேள்வி கேட்காது என்று அரசு உறுதி கொடுத்தது. கேள்வி கேட்கக்கூடியவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார் என்பது அரசுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ரொக்கத்தின் மிகப் பெரிய சௌகரியம் அது பேசாது என்பதுதான். போனில் அனுப்பினால் குறுஞ்செய்தி வரும். பல வீடுகளில் வங்கிக் கணக்கோடு இணைந்த நம்பர் கணவருடையது, இல்லாவிட்டால் மகனுடையது. அம்மா வீட்டுக்கு அனுப்பிய ஐந்நூறு ரூபாய் அடுத்த நிமிடமே கூடத்தில் அறிவிக்கப்பட்டுவிடும்.

டெபிட் கார்டின் கதை வேறு. 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கிய ஜன் தன் திட்டத்தில் கணக்கு திறந்தவர்களுக்கு ரூபே கார்டு கிடைத்தது. கார்டோடு விபத்துக் காப்பீடும் வந்தது. பலருக்குத் தெரியாத நிபந்தனை ஒன்றும் கூடவே வந்தது: விபத்துக்கு முந்தைய 90 நாளில் ஒரு தடவையாவது அந்தக் கார்டு பயன்பட்டிருக்க வேண்டும். டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டோடு பத்திரமாகக் கட்டிவைத்த கார்டுக்குக் காப்பீடு கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏ.டி.எம்.மில் செருகி மீதித் தொகை பார்த்தாலே போதும், அதுவும் கணக்கில் சேரும்.

ஏ.டி.எம்.மிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மும்பை போன்ற பெருநகரத்தில் சொந்த வங்கியின் ஏ.டி.எம். என்றால் மாதம் ஐந்து தடவை, பிற வங்கியுடையது என்றால் மூன்று தடவை இலவசம். அதற்குமேல் ஒவ்வொரு தடவைக்கும் அதிகபட்சம் ரூ. 23 வரை வசூலிக்கலாம் என்று 2025 மே முதல் நாளிலிருந்து விதி. வரி தனி. பயந்து பயந்து ஐந்நூறு ஐந்நூறாக எடுப்பவருக்கு இது கிட்டத்தட்ட ஐந்து சதவீதச் செலவு. சொந்தப் பணத்தைத் தொடுவதற்கு!

கடையில் டெபிட் கார்டைத் தேய்ப்பதில் ஒரு காலத்தில் கடைக்காரருக்குக் கசப்பு இருந்தது. தேய்க்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் வங்கிக்குக் கொஞ்சம் போகும். அதை வாடிக்கையாளர் தலையில் கட்டி 'கார்டு என்றால் இரண்டு பர்சென்ட் அதிகம்' என்று கேட்பது பழக்கமாகிவிட்டதால், டெபிட் கார்டுக்கு அப்படிக் கூடுதல் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் கண்டிப்பாகச் சொன்னது. 2018 ஜனவரியில் சிறு வியாபாரிகளுக்கான கட்டணம் 0.4 சதவீதமாகக் குறைந்தது. 2020 ஜனவரியிலிருந்து ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் அது பூஜ்யம். அதோடு டெபிட் கார்டின் வேலை ஏறத்தாழ முடிந்தது. போனும் அதே கணக்கிலிருந்துதான் எடுக்கிறது, மிஷின் தேவையில்லை, கையெழுத்துத் தேவையில்லை. ஆக டெபிட் கார்டா, போனா என்பது ஒரே பையிலிருந்து எந்தக் கையால் எடுப்பது என்ற கேள்விதான்.

மாதுங்காவுக்கு வந்தால் இது கண்கூடு. ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலுக்குப் பக்கத்துப் பூல் கல்லியில் ஒரு முழம் மல்லிகைக்கு யாரும் கார்டு நீட்டியதில்லை. சில்லறைக்குப் பதில் சாக்லேட்டு கொடுத்த கடைகளெல்லாம் இப்போது பைசா சுத்தமாக வாங்கிக்கொள்கின்றன. மும்பையின் நிரந்தர நோயான சுட்டா தட்டுப்பாட்டை எந்த அரசு உத்தரவும் தீர்க்கவில்லை, போன் தீர்த்திருக்கிறது.

ஆனால் மாதுங்காவின் பென்ஷன்காரர்களுக்கு வேறு கவலை. காலை கோயில், பிறகு காபிப்பொடிக் கடை, சாயங்காலம் கச்சேரி என்று கழியும் நாளில், வாழ்நாள் சேமிப்பு முழுவதும் இருக்கும் கணக்கின் சாவி சட்டைப் பையில் கிடக்கிறது. இந்தப் பயம் ஆதாரமற்றதல்ல. 2016 அக்டோபரில் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரங்கள் கசிந்திருக்கலாம் என்று தெரியவந்து, வங்கிகள் அவசரமாகக் கார்டுகளை முடக்கின, பின் நம்பரை மாற்றச் சொல்லின. டெபிட் கார்டிலோ யு.பி.ஐ.யிலோ தவறு நடந்தால் முதலில் போவது வாடிக்கையாளரின் பணம். பிறகு அவர் வங்கியைத் துரத்த வேண்டும். கிரெடிட் கார்டில் போவது வங்கியின் பணம். பில்லைக் கட்டுவதற்கு முன்பே தகராறு செய்யலாம். கிரெடிட் கார்டுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியவற்றில் மிக வலுவானது இதுதான், விளம்பரங்களில் அதிகம் வராததும் இதுதான்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு விதி வகுத்தது. வாடிக்கையாளரின் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாவது நபரால் பணம் போனால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டவருக்கு நஷ்டம் எதுவும் கிடையாது. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் கணக்கின் வகையைப் பொறுத்து ஒரு வரம்பு வரை நஷ்டத்தை ஏற்க வேண்டும். பின் நம்பரையோ ஓ.டி.பி.யையோ தானே சொல்லிவிட்டவருக்கு, வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனதெல்லாம் போனதுதான். எனவே ஏமாந்தது தெரிந்ததும் மகன் ஆபீஸிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வங்கிக்கும், இணைய மோசடிக்கான 1930 என்ற எண்ணுக்கும் உடனே போன் போட வேண்டும். மோசடிக்காரர்கள் அடிக்கடி சொல்லும் பொய் ஒன்று உண்டு: 'உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், பின் நம்பரைப் போடுங்கள்.' பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் போகும்.

விவரம் தெரிந்த சிலர் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். சேமிப்பு ஒரு வங்கியில். போனோடு இணைத்த கணக்கு இன்னொரு வங்கியில், அதில் மாதச் செலவுக்கான தொகை மட்டும். பெரிய பர்ஸ் பீரோவில், சின்னப் பர்ஸ் கையில் என்று பாட்டிகள் செய்துவந்த அதே ஏற்பாடு.

கிரெடிட் கார்டின் சொந்த ஊர் என்று இந்த மூன்று பேட்டைகளில் செம்பூரைத்தான் சொல்ல வேண்டும். செட்டா நகர் முருகன் கோயிலைச் சுற்றியும் அதற்கு அப்பாலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை மாதச் சம்பளக் குடும்பங்கள். ஒன்றாம் தேதி சம்பளம் வரும், ஐந்தாம் தேதி வாடகையும் சொஸைட்டி கட்டணமும் போகும், இருபதாம் தேதி இழுக்கும். அந்தக் கடைசிப் பத்து நாளுக்காகவே படைக்கப்பட்டது போன்றது கிரெடிட் கார்டு. இந்தியாவில் புழக்கத்தில் உள்ள கிரெடிட் கார்டுகள் 2024 பிப்ரவரியில் பத்துக் கோடியைத் தாண்டின. 2023-24 நிதியாண்டில் அவற்றின் வழியாகச் செலவான தொகை ரூ. 18 லட்சம் கோடிக்கு மேல்.

கார்டை ஒழுங்காகப் பயன்படுத்துபவருக்கு அது நல்ல பேரம். பில் தயாராகும் தேதிக்கு மறுநாள் வாங்கிய பொருளுக்குச் சுமார் 50 நாள் கழித்துப் பணம் கட்டினால் போதும். வட்டி இல்லை. (பில் தேதிக்கு முந்தைய நாள் வாங்கினால் இருபது நாள்தான் கிடைக்கும். இதை விற்பனைப் பிரதிநிதி சொல்ல மாட்டார்.) முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டிவிடுபவரிடமிருந்து வட்டியாக வங்கிக்கு ஒரு காசும் கிடைக்காது.

முழுத் தொகையைக் கட்டாதவரிடம்தான் விஷயமே இருக்கிறது. பில்லில் இரண்டு தொகைகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று மொத்த பாக்கி. இன்னொன்று, கண்ணுக்கு இதமாக, 'குறைந்தபட்சத் தொகை'. மொத்த பாக்கி ரூ. 20,000, குறைந்தபட்சம் அதில் ஐந்து சதவீதம், மாத வட்டி மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படிப் போகும். ரூ. 1,000 கட்டியாயிற்று, மிச்சம் 19,000. அதற்கு ஒரு மாத வட்டி ரூ. 665. வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் ரூ. 120. அடுத்த பில்லில் பாக்கி ரூ. 19,785. ஆயிரம் ரூபாய் கட்டி, கடன் குறைந்தது இருநூற்றுப் பதினைந்து ரூபாய். இதுகூடச் சலுகைக் கணக்கு. உண்மையில் வட்டி, பொருள் வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் ஒரு லிட்டர் பாலுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. கார்டைச் செருகி ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுத்தால் கேட்கவே வேண்டாம். எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, எடுத்ததற்குத் தனிக் கட்டணம்.

மாதம் மூன்றரை என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். ஊர்ப் பாஷையில் சொன்னால் மூன்றரை வட்டி. ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால் நாலு வட்டிக்கு மேல். அடகுக் கடைக்கு நகையை எடுத்துக்கொண்டு போகத் தலை குனிபவர், அதைவிடக் கூடுதலான வட்டிக்கு ஏ.சி. கடையில் நிமிர்ந்து நின்று கையெழுத்துப் போடுகிறார். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இவற்றையெல்லாம் தடைசெய்து தமிழ்நாடு 2003-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. வங்கிகளின் வட்டி விகிதம் அந்த மாதிரிச் சட்டங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வர்த்தகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி எவ்வளவு என்பது ரிசர்வ் வங்கியின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயம், ஆணையத்தின் வேலையல்ல என்பது முடிவு. ஆக, உச்சவரம்பு இல்லை. கையெழுத்துப் போடுபவர் தானே வரம்பு கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ரிசர்வ் வங்கி ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2022-ல் வந்த விதிகளின்படி கேட்காத கார்டை அனுப்பக் கூடாது. அனுப்பிக் கட்டணமும் போட்டால் அதைத் திருப்பித் தருவதோடு அதைப்போல் இரு மடங்கு அபராதமும் தர வேண்டும். கார்டை மூடச் சொன்னால், பாக்கி இல்லாத பட்சத்தில், ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ. 500. கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். உரிமைகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கக் கூலியை விட்டுவிட்டு வங்கி வாசலில் நிற்க முடிகிறவருக்குத்தான் அவை பயன்படுகின்றன என்பது வேறு விஷயம்.

கார்டுக்காரர்கள் பெருமைப்படும் ரிவார்டு பாயின்டுக்கும் ஒரு முதலாளி இருக்கிறார். கிரெடிட் கார்டில் ரூ. 100-க்கு வாங்கினால் சுமார் இரண்டு ரூபாய் கடைக்காரரிடமிருந்து பிடிக்கப்படுகிறது. அதில் ஒரு பங்குதான் பாயின்டாக வாடிக்கையாளருக்குத் திரும்புகிறது. கடைக்காரர் அந்த இரண்டு ரூபாயை யாரிடம் வாங்குவார்? எல்லோருக்கும் பொதுவான விலையில் ஏற்றிவிடுவார். ஒரே சூப்பர் மார்க்கெட்டில் ஒரே எண்ணெய் பாட்டிலை வாங்கும் இருவரில், கசங்கிய நோட்டு நீட்டியவர் கார்டு நீட்டியவரின் விமான டிக்கெட்டுக்குக் கொஞ்சம் மொய் எழுதிவிட்டுப் போகிறார்.

இதுவரை கிரெடிட் கார்டு தாராவிச் சந்துக்குள் நுழையாததற்கு அந்த இரண்டு சதவீதமும் ஒரு காரணம். சிறு கடைக்காரர் மிஷின் வாங்கவில்லை. 2022-ல் அந்தக் கதவும் திறந்தது. ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யோடு இணைத்து, கடையின் அதே சதுர அட்டைக்கு நேரே போனைக் காட்டிக் கடனில் வாங்கலாம். சிறு வியாபாரிகள் ரூ. 2,000 வரையிலான விற்பனைக்குக் கட்டணம் தர வேண்டியதில்லை. 2023-ல் வங்கிகள் முன்கூட்டியே ஒதுக்கும் கடன் தொகையையும் யு.பி.ஐ. வழியாகச் செலவழிக்க அனுமதி கிடைத்தது. ஒரு தட்டு இட்லியை இன்று தின்றுவிட்டு அடுத்த மாதம் பணம் கட்ட இனி வழி இருக்கிறது. இட்லிக்காரருக்கு அது தெரியவே தெரியாது. அவர் பெட்டி தொகையைச் சொல்லும், அவ்வளவுதான்.

இட்லிக்காரருக்கே கார்டு கொடுக்கவும் அரசு தயாராகிவிட்டது. 2020 ஜூனில் கொரோனா ஊரடங்கின்போது தொடங்கிய ஸ்வநிதி திட்டம் தெரு வியாபாரிகளுக்கு முதலில் ரூ. 10,000 கடன் தந்தது. 2025 ஆகஸ்டில் திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டித்த மத்திய அமைச்சரவை, முதல் கடனை ரூ. 15,000 ஆக உயர்த்தியது. இரண்டாவது கடனை அடைத்தவர்களுக்கு யு.பி.ஐ.யோடு இணைந்த ரூபே கிரெடிட் கார்டும் உண்டு என்றது. போனில் பணம் வாங்கும் வியாபாரிக்கு ஊக்கத்தொகையும் இருக்கிறது. தண்டல்காரரிடம் தினவட்டிக்கு வாங்கி அரிசியும் உளுந்தும் போட்டுக்கொண்டிருந்தவருக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் திட்டத்துக்கு வியாபாரி என்ற சான்றோ நகராட்சியின் பரிந்துரைக் கடிதமோ வேண்டும். சைக்கிளில் ஓடிக்கொண்டே விற்பவர் எந்த இடத்து வியாபாரி?

காகிதத்தின் மதிப்பைத் தாராவிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுசீரமைப்புத் திட்டத்தில் தாராவிக்குள்ளேயே இலவச வீடு பெற, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அங்கே இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். பழைய மின் கட்டண ரசீது ஒன்று வீடாக மாறக்கூடிய ஊர் அது. ரொக்கமாகச் சம்பாதித்து ரொக்கமாகச் செலவழித்தவர் இருபது வருடம் உழைத்ததற்கு ஒரு வரி சாட்சி கிடையாது. மளிகைக் கடை நோட்டில் பதினைந்து வருடம் நாணயமாகக் கடனடைத்தவருக்குக் கடைத்தெருவில் மரியாதை உண்டு, வங்கிக் கடனுக்கான ஸ்கோர் கிடையாது. போனில் வாங்குவதும் கொடுப்பதும் எழுத்தில் நிற்கிறது. கடன் கேட்கப் போகும்போது அதுவே ஜாமீன்.

அதே எழுத்து எதிர்சாட்சியாகவும் மாறும். 2025 ஜூலையில் பெங்களூரில் அதுதான் நடந்தது. யு.பி.ஐ. வரவுகளைக் கூட்டிப் பார்த்த கர்நாடக வணிக வரித் துறை, சிறு கடைக்காரர்களுக்கும் தள்ளுவண்டிக்காரர்களுக்கும் பல ஆண்டு ஜி.எஸ்.டி. பாக்கி கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. மறுநாளிலிருந்தே பல கடைகளில் சதுர அட்டையைக் கிழித்துவிட்டு 'யு.பி.ஐ. கிடையாது, ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். கடைசியில் முதலமைச்சர் சித்தராமையா வியாபாரிகளை அழைத்துப் பேசி, பழைய பாக்கி வசூலிக்கப்படாது, ஆனால் வரம்பைத் தாண்டியவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அறிவித்தார். சரக்கு விற்றால் ஆண்டுக்கு ரூ. 40 லட்சம், சேவை என்றால் ரூ. 20 லட்சம் என்பது அந்த வரம்பு. சிக்கல் எங்கே என்றால், சிறு வியாபாரியின் போனுக்கு வருவதெல்லாம் வியாபாரம் அல்ல. சீட்டுப் பணம் அதில்தான் வருகிறது. துபாயிலிருந்து வந்த மச்சான் கடனைத் திருப்புவதும் அதில்தான். இயந்திரத்துக்கு எல்லாம் ஒரே வரவு. கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று பிரித்து வைப்பதைத் தவிர இதற்கு மருந்து இல்லை.

மும்பையில் அந்த அளவுக்கு அட்டைகள் கிழிபடவில்லை. ஆனால் பெங்களூர்ச் செய்தியைக் கேட்டுத் தாராவிக் கடைக்காரர்கள் யோசிக்காமல் இருக்க முடியாது. பெரிய தொகைக்கு நோட்டு, சில்லறைக்குப் போன் என்று பிரித்துக்கொள்ளும் பழக்கம் அப்படித்தான் வேர் விடுகிறது.

இரவு பத்து மணிக்குக் கடையை இழுத்து மூடும் மளிகைக்காரருக்குக் கணக்குப் பார்க்க இப்போது மூன்று இடங்கள். கல்லாவில் இருக்கும் நோட்டுகளை எண்ணி ரப்பர் பேண்டு போடுகிறார். அது விடிந்ததும் வாஷி மார்க்கெட்டுக்கு. போனில் வந்ததை மகனிடம் காட்டிக் கேட்டுக்கொள்கிறார். அது மொத்த வியாபாரிக்கும் திருநெல்வேலிக்கு அனுப்பவும். பிறகு போர்டுக்குக் கீழே உட்கார்ந்து நீள நோட்டைப் பிரிக்கிறார். அதில் இருப்பது சனிக்கிழமைக்கு.